புளிப்பைத் தேடி வரும் ஈ

பங்கனப்பள்ளி வீட்டுக்குள் நுழையும்போது வருடாவருடம் கூடவே ஒரு கூட்டமும் நுழைந்துவிடுகிறது. எள்ளளவு உடம்பு, தேன் நிறம், சிவப்புக் கண். பழத்தட்டை நகர்த்தினால் புகை போல எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி அதே பழத்தில் வந்து உட்காரும். கையால் அடித்தால் அகப்படாது. கடிக்காது, ரத்தம் குடிக்காது. ஆனால் எங்கோ அழுகலில் வைத்த காலை நம் தட்டிலும் வைக்கும். கடற்கரைச் சாலையில் காலை நடைக்கு வரும் நண்பர்கள் இரண்டு பேர் போன வாரம் இந்தப் பேச்சை எடுத்தார்கள். ஒருவர் வீட்டில் தினம் சாயங்காலம் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு மருந்து அடிக்கிறார்களாம். இன்னொருவர் வீட்டில் பழம் வாங்குவதையே குறைத்துவிட்டார்களாம். இரண்டும் தேவையில்லை என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. ஆனால் ஓய்வு பெற்ற குமாஸ்தாவுக்குப் பழைய கோப்பைப் புரட்டாமல் முடிவு எழுத வராது. ஆகவே சரித்திரம் முதலில், வைத்தியம் பிறகு.

பெயரிலிருந்து ஆரம்பிக்கிறேன். தமிழில் 'பழ ஈ' என்கிறோம். ஆங்கிலத்தில் சொல்வதை அப்படியே எடுத்துக்கொண்டோம். நான் படித்தது பிரெஞ்சு வழியில். எங்கள் இயற்கை அறிவியல் ஆசிரியர் இதை 'மூஷ் தியு வினேக்ர்' என்று கற்றுக்கொடுத்தார். வினிகர் ஈ என்று பொருள். 'வினேக்ர்' என்ற சொல்லே 'வேன்' என்கிற திராட்சை மதுவும், 'ஏக்ர்' என்கிற புளிப்பும் சேர்ந்தது; புளித்துப்போன மது. பழ ஈ என்றால் குற்றம் பழத்தின் மேல் விழுகிறது. வினிகர் ஈ என்றால் அது எதற்காக வருகிறது என்பது பெயரிலேயே தெரிந்துவிடுகிறது. நல்ல பழம் அதற்குப் பெரிதல்ல. பழம் கனிந்து, தோல் வெடித்து, உள்ளே காற்றிலுள்ள ஈஸ்ட் புகுந்து புளிக்க ஆரம்பிக்கும் வாசனைதான் அதை இழுக்கிறது. நம் ஊர்க் கள்ளுக்கடைப் பக்கம் போனவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பானை நுரையில் மிதப்பதும் இதே சாதிதான்.

விஞ்ஞானப் பெயர் வைத்தவர்கள் இந்த விஷயத்தில் கொஞ்சம் கோட்டைவிட்டார்கள். ஸ்வீடன் நாட்டு ஃபாலேன் 1823ல் இந்த இனத்துக்கு 'ட்ரோசோஃபிலா' என்று பெயரிட்டார். கிரேக்கத்தில் அதற்குப் 'பனித்துளியை விரும்புவது' என்று பொருள். 1830ல் ஜெர்மனியின் மைகென், பள்ளி ஆசிரியராகப் பிழைத்துக்கொண்டே ஈக்களை ஆராய்ந்த மனிதர், நம் வீட்டு ஈக்கு 'மெலனோகாஸ்டர்', அதாவது 'கறுத்த வயிறு' என்ற அடைமொழியைச் சேர்த்தார். வயிறு சரி. பனித்துளிதான் பொருந்தவில்லை.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். கொய்யாவையோ மாம்பழத்தையோ அறுக்கும்போது உள்ளே நெளியும் வெள்ளைப் புழு பெரும்பாலும் வேறொரு ஈயின் குஞ்சு. அது தோட்டத்து ஈ, வீட்டு ஈயைவிடப் பெரியது. காய் மரத்தில் இருக்கும்போதே தோலைத் துளைத்து முட்டை வைத்துவிடும். 2014 மே மாதம் முதல் ஐரோப்பிய ஒன்றியம் இந்திய மாம்பழத்தை உள்ளே விட மறுத்தது அந்த ஈயால்தான். 2015 ஜனவரியில் தடை நீங்கியது. பாரிஸில் சொந்தக்காரர்கள் உள்ள நம் புதுச்சேரிக் குடும்பங்களுக்கு அந்த ஒரு பருவம் ஞாபகம் இருக்கும். அந்த ஈயை ஒழிப்பது விவசாயிகள் வேலை. நம் சமையலறையில் வட்டமிடும் சின்ன ஈக்கு நல்ல காயைத் துளைக்கும் ஊசி கிடையாது. பழுத்து, அடிபட்டு, புளிக்கத் தொடங்கிய இடம்தான் அதற்கு வேண்டும்.

இந்தச் சின்ன ஈயின் பூர்வீகம் ஆப்பிரிக்கா. சஹாராவுக்குத் தெற்கே உள்ள காடுகளிலிருந்து அது உலகமெங்கும் பரவியது என்பதில் ஆராய்ச்சியாளர்களிடையே இப்போது அதிகக் கருத்து வேறுபாடு இல்லை. 2018ல் ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்களும் அவர்களோடு வேலை செய்தவர்களும் ஜிம்பாப்வேயின் மாடோபோ மலைக்காட்டில் இதைக் கண்டார்கள். அங்கே அது 'மாருலா' என்ற மரத்தின் பழத்தை நம்பி வாழ்கிறது. பக்கத்துக் குகைகளில் ஆயிரக்கணக்கான வருடங்களுக்கு முன் மனிதர்கள் சேமித்து உண்ட மாருலாப் பழங்களின் கொட்டைகள் மலைமலையாகக் கிடக்கின்றன. மனிதன் பழத்தைக் குகைக்குள் கொண்டுவந்தான், ஈ பழத்தோடு வந்து நம்மோடு தங்கிவிட்டது என்று அவர்கள் கருதுகிறார்கள். அப்படியானால் நாய்க்கும் பூனைக்கும் போல இதற்கும் நம்மோடு நெடுநாள் உறவு. பிறகு கப்பலேறிற்று. அமெரிக்காவில் இது தென்பட்டது 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான்.

அடுத்த கேள்விதான் முக்கியமானது. நேற்று இல்லாத ஈ இன்றைக்கு எங்கிருந்து வந்தது? பழத்திலிருந்தே பிறந்தது என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். நம் ஊரில் மட்டுமல்ல. 17ஆம் நூற்றாண்டில் பெல்ஜியப் பகுதியைச் சேர்ந்த வான் ஹெல்மான்ட், பெரிய மருத்துவர், எலி செய்யக் குறிப்பு எழுதிவைத்திருக்கிறார். அழுக்குச் சட்டையைக் கோதுமையோடு ஒரு பானையில் போட்டு மூன்று வாரம் வைத்தால் எலி உண்டாகுமாம்! அப்படிப்பட்ட காலத்தில், 1668ல், இத்தாலியின் ஃபிரான்செஸ்கோ ரேதி ஒரு காரியம் செய்தார். குடுவைகளில் இறைச்சியைப் போட்டு, சிலவற்றைத் திறந்துவைத்தார், சிலவற்றை இறுக மூடினார், சிலவற்றின் வாயை மெல்லிய துணியால் கட்டினார். திறந்த குடுவையில் புழு வந்தது. மூடியதில் வரவில்லை. துணி கட்டியதிலும் உள்ளே வரவில்லை. ஈக்கள் துணியின் மேல் வந்து உட்கார்ந்துவிட்டுப் போயின. ஆக, புழு இறைச்சியிலிருந்து பிறப்பதில்லை, ஈ வைக்கும் முட்டையிலிருந்து பிறக்கிறது.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் ஆயா நினைவுக்கு வந்தார். ஊறுகாய் ஜாடிக்கு அவர் வெள்ளைத் துணியில் வேடு கட்டாமல் ஒரு நாளும் விட்டதில்லை. காற்று போகவேண்டும், ஈ போகக்கூடாது. ரேதி குடுவைக்குக் கட்டியதும் வேடுதான். ஆயாவுக்குக் கைப்பழக்கமாக இருந்ததை அவர் நிரூபித்துக் காட்டினார், அவ்வளவுதான் வித்தியாசம். இன்றைய வீடுகளில் வேடு கட்டுவது நின்றுவிட்டது. அந்தச் சொல்லே பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாது.

ரேதி சொன்ன பிறகும் சண்டை ஓயவில்லை. ஈக்குச் சரி, கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் தானாக உண்டாகத்தானே செய்கின்றன என்றார்கள். இதை முடித்துவைத்தவர் லூயி பஸ்தேர். அன்னப் பறவையின் கழுத்தைப் போல வளைந்த கழுத்துள்ள குடுவையில் கொதிக்கவைத்த சாறு கெடாமலே இருந்தது. காற்று உள்ளே போயிற்று. தூசியும் அதிலுள்ள கிருமியும் வளைவிலேயே தங்கிவிட்டன. இதற்காக 1862ல் பிரெஞ்சு அறிவியல் கழகம் அவருக்குப் பரிசளித்தது. நம் விஷயத்துக்கு இன்னும் நெருக்கமானது அவர் வினிகரைப் பற்றிச் செய்த ஆராய்ச்சி. மது வினிகராக மாறுவது ஓர் உயிரின் வேலை என்று காட்டி 1868ல் புத்தகமாகவே வெளியிட்டார். சர்க்கரையை ஈஸ்ட் சாராயமாக்கும். சாராயத்தை வேறொரு கிருமி வினிகராக்கும். மூலையில் மறந்துபோன வாழைப்பழத்தில் நடப்பதும் இதேதான். அந்த வாசனை காற்றில் கலந்ததும் ஈக்குச் செய்தி போய்விடுகிறது.

சரி, வந்தது ஒன்றிரண்டு, கூட்டமானது எப்படி? இதற்கு விடை நியூயார்க்கில் கிடைக்கும். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹன்ட் மார்கன் என்ற பேராசிரியர் ஒரு சிறிய அறையில் பால் பாட்டில்களில் இந்த ஈயை வளர்த்தார். தீனி, மசித்த வாழைப்பழம். 1910ல் சிவப்புக் கண் கூட்டத்தில் வெள்ளைக் கண்ணோடு ஓர் ஆண் ஈ பிறந்தது. அதைப் பின்தொடர்ந்து போய், பரம்பரைக் குணங்களைச் சுமப்பவை உயிரணுவுக்குள் இருக்கும் குரோமோசோம்களே என்று நிலைநாட்டினார். 1933ல் நோபல் பரிசு. அந்த அறைக்கு 'ஈ அறை' என்றே பெயர் நிலைத்துவிட்டது. பின்னால் இதே ஈயை ஆராய்ந்து நோபல் வாங்கியவர்கள் பலர். ஸ்ட்ராஸ்பூரின் ஜூல் ஹோஃப்மன் 2011ல் வாங்கினார். அழுகலிலும் பூஞ்சையிலும் புரளும் இந்த ஈ நோய்வாய்ப்பட்டுச் சாகாமல் எப்படித் தப்புகிறது என்று அவர் பார்த்ததிலிருந்து, நம் உடம்பின் நோய் எதிர்ப்பைப் பற்றியும் புது வெளிச்சம் கிடைத்தது.

மார்கனுக்கு இந்த ஈ வசதியாக இருந்த காரணமும் நமக்கு இது தொல்லையாக இருக்கும் காரணமும் ஒன்றே. முட்டை ஒரு நாளில் பொரிகிறது. புழு நான்கைந்து நாள் தின்கிறது. கூட்டுப்புழுவாக நான்கைந்து நாள். ஆக, 25 டிகிரி வெப்பத்தில் சுமார் 10 நாளில் ஒரு தலைமுறை. பெண் ஈ தன் ஆயுளில் 400 முட்டை வரை வைக்கும். இதில் பாதி பெண் என்று வையுங்கள். அந்த 200ம் தலைக்கு 400 வைத்தால் 80,000. இது ஏட்டுக் கணக்குதான். நடைமுறையில் பெரும்பாலானவை செத்துப்போகும். ஆனாலும் 'நேற்றுக்கூட இல்லையே' என்று நாம் சொல்வதன் ரகசியம் இந்தக் கணக்கில் இருக்கிறது. நேற்றும் இருந்தது. புழுவாக, கண்ணில் படாத இடத்தில்.

இப்போது மருந்துக்கு வருகிறேன். 1939ல் ஸ்விட்சர்லாந்தின் பால் முல்லர், டி.டி.டி. பூச்சியைக் கொல்லும் என்று கண்டுபிடித்து 1948ல் நோபல் வாங்கினார். இந்தியாவில் 1953ல் மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டமும், 1958ல் மலேரியா ஒழிப்புத் திட்டமும் வந்தன. எங்கள் தாய்மாமன் ஊர் தென்னாற்காடு மாவட்டம். விடுமுறைக்குப் போனால், மருந்து அடிக்கிறவர்கள் தோளில் பம்போடு வந்து சுவரெல்லாம் அடித்துவிட்டுக் கதவோரம் தேதி எழுதிப் போவதை நாங்கள் வேடிக்கை பார்ப்போம். சுவரில் வெள்ளைத் திட்டு நாள்கணக்கில் இருக்கும். அந்த மருந்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. சுதந்திரம் வந்த சமயத்தில் நாட்டில் வருடத்துக்கு 7.5 கோடிப் பேருக்கு மலேரியா என்று மதிப்பிட்டார்கள். 1965 வாக்கில் அது ஒரு லட்சத்துக்கு இறங்கியது. எத்தனை உயிர்!

ஆனால் பூச்சிகள் கற்றுக்கொண்டன. மூட்டைப்பூச்சியும் வீட்டு ஈயும் முதலில் செத்தன, பிறகு சாகவில்லை. மலேரியாவும் எழுபதுகளில் திரும்பி வந்தது. நம் வினிகர் ஈயும் சும்மா இருக்கவில்லை. உலகின் பல மூலைகளில் பிடித்த, டி.டி.டி.யைத் தாங்கும் ஈக்களை 2002ல் ஆராய்ந்தபோது, எல்லாவற்றிலும் ஒரே மரபணு அளவுக்கு மீறி வேலை செய்வதைக் கண்டார்கள். பத்து நாளைக்கு ஒரு தலைமுறை எடுக்கும் உயிரோடு விஷத்தை வைத்துப் போட்டி போட்டால், காலம் அதன் பக்கம்.

வேறு வழி என்ன என்பதை நம் ஊரே பார்த்திருக்கிறது. கொசு போன்ற நோய் பரப்பும் பூச்சிகளை ஆராயும் மத்திய அரசின் ஆராய்ச்சி மையம் 1975ல் புதுச்சேரியில் தொடங்கியது. 1981 முதல் 1985 வரை யானைக்கால் நோயைப் பரப்பும் கொசுவைக் கட்டுப்படுத்த இங்கே ஒரு பெரிய திட்டம் நடத்தினார்கள். பறக்கும் கொசுவைத் துரத்துவதைவிட அது பிறக்கும் இடத்தைக் கெடுப்பதே அதன் அடிப்படை. தேங்கிய தண்ணீரை அகற்றுவது, சாக்கடையைச் சீர்செய்வது, மீன் விடுவது. ஊருக்குச் சரியான அந்த வழி சமையலறைக்கும் சரிதான்.

இது எவ்வளவு தூரம் போகும் விஷயம் என்பதை என் பெரிய அக்கா வீட்டில் பார்த்தேன். வயது 83. மகன் பிரான்சில், இவர் இங்கே தனியாக. காலையில் ஒரு பெண் வந்து வேலை செய்துவிட்டுப் போகிறார். டாக்டர் தினம் ஒரு பழம் சாப்பிடச் சொல்லியிருக்கிறார். போன வருஷம் ஒரு நாள் போனபோது கூடத்துக் கொக்கியில் வழக்கமாகத் தொங்கும் வாழைச் சீப்பைக் காணோம்.

"ஏன்க்கா, பழம் வாங்கலையா?"

"வாங்கறதையே விட்டுட்டேன் தம்பி. வச்சா ஒரே ஈயா மொய்க்குது. அந்தப் பொண்ணு மருந்து அடிச்சா எனக்கு இளைப்பு வருது. எதுக்கு வம்பு?"

பழம் நிறுத்தி ஒரு மாதம் ஆகியிருந்தது. ஆனால் சமையலறையில் ஈ குறையவில்லை! பழமே இல்லாத வீட்டில் பழ ஈ எப்படி? நானும் அந்தப் பெண்ணும் ஒவ்வொன்றாகத் தேடினோம். வெங்காயக் கூடையின் அடியில் ஓர் உருளைக்கிழங்கு கூழாகிக் கிடந்தது. பாத்திரம் கழுவும் தொட்டியின் சல்லடையைத் தூக்கினால் குழாய் வாயில் விரற்கடைக் கனத்துக்குப் பாசி போல அழுக்கு, அதில் புழு. தரை துடைக்கும் துணி ஈரமாகவே வாளியில் புளித்துக்கொண்டிருந்தது. மூன்றையும் ஒழித்து, கீழே சொல்லும் பொறியை வைத்தோம். இரண்டு வாரம் கழித்துப் போனேன். வாழைச் சீப்பு கொக்கியில் தொங்கியது. மருந்து டப்பா பரணில். அக்காவுக்கு இளைப்பும் தணிந்திருந்தது. ஒரு வயதானவர் தன் தட்டிலிருந்து பழத்தை விலக்கிக்கொண்டதற்கு, கூடை அடியில் கிடந்த ஒரு கிழங்குதான் காரணம்.

இனி வைத்தியம். வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் வேலை, பிறப்பிடத்தைக் கண்டுபிடிப்பது. வெங்காயம், உருளைக்கிழங்குக் கூடையைக் கவிழ்த்துப் பாருங்கள். குப்பைக் கூடையின் அடி, காலி ஜூஸ் பாட்டில், ஈரத் துணி, பால்கனியில் காய்கறிக் கழிவு போடும் தொட்டி. சாக்கடை வாயின் மேல் சந்தேகம் இருந்தால் இரவு அதன்மேல் ஒரு கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து வையுங்கள். காலையில் உள்ளே ஈ இருந்தால் அது அங்கேதான் பிறக்கிறது. வெந்நீர் மட்டும் ஊற்றினால் போதாது. பழைய பிரஷ்ஷால் அந்த அழுக்கைச் சுரண்டி எடுத்த பிறகு ஊற்றுங்கள். (இறக்கையில் மயிரோடு அந்துப்பூச்சி போல இருந்தால் அது வேறு ஈ, ஆனால் சாக்கடை வைத்தியம் அதற்கும் இதுவே.)

இரண்டாவது, பழம். வாங்கி வந்ததும் கழுவித் துடைத்து வையுங்கள். தோல் மேல் முட்டை இருந்தால் போகும். அடிபட்ட பழத்தை அன்றே சாப்பிடுங்கள். நன்றாகக் கனிந்ததை குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் முட்டையும் புழுவும் மேலே வளராது. வெளியே வைப்பதற்கு மெல்லிய துணியால் மூடுங்கள், ஆயா வழிதான். பலாப்பழம் அறுத்த அன்று சக்கையை இரவு வீட்டில் தங்கவிடாதீர்கள்.

மூன்றாவது, பொறி. ஒரு டம்ளரில் இரண்டு விரல் உயரம் வினிகர், ஒரு சொட்டு பாத்திரம் தேய்க்கும் திரவம். இந்தச் சொட்டை மறக்கக்கூடாது. அது இல்லாவிட்டால் ஈ நீர்ப்பரப்பின் மேல் உட்கார்ந்து குடித்துவிட்டுப் பறந்துவிடும். சோப்பு கலந்தால் அந்தப் பரப்பு தாங்காது, கால் வைத்ததும் மூழ்கும். டம்ளர் வாயில் காகிதத்தைப் புனல் போலச் சுருட்டிச் செருகினால் உள்ளே போனது திரும்பாது. வினிகர் இல்லையென்றால் கறுத்துப்போன வாழைப்பழத் துண்டும் கொஞ்சம் தண்ணீரும் போதும். மூன்று நாளைக்கு ஒரு முறை மாற்றுங்கள்.

நான்காவது, பொறுமை. பொறி பறப்பதை மட்டுமே பிடிக்கும். ஏற்கெனவே புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் இருப்பவை இன்னும் பத்து நாள் வரை ஈயாக வெளியே வந்துகொண்டே இருக்கும். 'எல்லாம் செய்தும் போகவில்லை' என்று நாலாம் நாள் மருந்து டப்பாவை எடுக்காதீர்கள். இரண்டு வாரம் விடாமல் செய்தால் சங்கிலி அறுந்துவிடும்.

விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் வந்தால் அவர்களுக்கும் ஒரு வேலை சொல்கிறேன். சுத்தமான கண்ணாடி பாட்டிலில் ஒரு துண்டு வாழைப்பழம் போட்டு, நாலு ஈ உள்ளே போனதும் வேடு கட்டச் சொல்லுங்கள். முட்டை, புழு, கூடு, ஈ என்று பத்து நாளில் மார்கனின் அறை முழுவதும் அந்த பாட்டிலுக்குள் தெரியும். பிள்ளைகள் பாடப் புத்தகத்தில் படிப்பதைக் கண்ணால் பார்ப்பார்கள், வேடு என்ற சொல்லும் அவர்களுக்கு வந்து சேரும். ஒன்று மட்டும்: பதினோராம் நாள் அந்தத் துணியை அவிழ்ப்பது தெருக்கோடியில் இருக்கட்டும்.